டிரான்ஸ்ஃபார்மர் தின்னும் மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மோட்டார்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து, "அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. என் வேலைக்காலம் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர் சோதனைக்கூடத்தில்தான் கழிந்தது. அதனால் இந்தக் கேள்விகளை மிகுந்த மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்துக்கு 250 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) கொள்ளளவுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் விவரம் அனுப்பியிருக்கின்றன. இரண்டிலும் செயல்திறன் 98.8 சதவீதம் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் விலை குறைந்ததை வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த 98.8 எந்த லோடில் என்று போட்டிருக்கிறார்களா? பெரும்பாலும் முழு லோடில் கணக்கிட்டிருப்பார்கள். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஆண்டில் எத்தனை மணி நேரம் முழு லோடில் ஓடப்போகிறது?

இரு நிறுவனங்களுக்கும் இன்றே எழுதி இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று நோ-லோடு இழப்பு எத்தனை வாட். மற்றது முழு லோடில் லோடு இழப்பு எத்தனை வாட். முதலாவது கோரில், அதாவது இரும்பில் போவது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டால், மறுபக்கம் ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது எண், வைண்டிங்கில், அதாவது கம்பிச் சுற்றில் போவது. இது கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். பாதி லோடில் கால் பங்கு, கால் லோடில் பதினாறில் ஒரு பங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் டிரான்ஸ்ஃபார்மரில் நோ-லோடு 300 வாட், லோடு இழப்பு 2700 வாட். இரண்டாவதில் நோ-லோடு 600, லோடு இழப்பு 2400. இரண்டிலும் மொத்தம் 3000 வாட்தான், ஆகவே முழு லோடில் இரண்டுமே 98.8 சதவீதம். இப்போது லோடை 30 சதவீதமாகக் குறையுங்கள். முதலாவதில் 300 உடன் 243 சேர்ந்து 543 வாட். இரண்டாவதில் 600 உடன் 216 சேர்ந்து 816 வாட். வித்தியாசம் 273 வாட். ஆண்டுக்கு 8760 மணி நேரம். பெருக்கினால் சுமார் 2390 யூனிட். ஆண்டுதோறும், அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கும் இருபது முப்பது ஆண்டுகளுக்கும். அந்த 98.8 என்ற எண்ணில் இதில் எதுவுமே தெரியாது.

இரும்பின் இழப்பும் வைண்டிங்கின் இழப்பும் சமமாகும் லோடில்தான் செயல்திறன் உச்சத்தில் இருக்கும். முதலாவதுக்கு அது 33 சதவீத லோடு, இரண்டாவதுக்கு 50 சதவீதம். உங்கள் சராசரி லோடு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மீட்டர் பதிவை எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: லோடு இழப்புக்கு வெறும் சராசரி போதாது. பாதி நேரம் 60 சதவீதம், பாதி நேரம் சும்மா என்று ஓடினாலும் சராசரி 30தான் வரும். ஆனால் வைண்டிங்கில் போகும் மின்சாரம், நாள் முழுக்க 30 சதவீதத்தில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு. மணிக்கு மணி லோடை இருமடியாக்கி அதன் பிறகு சராசரி எடுங்கள்.

சட்டங்களும் இதே வழியில்தான் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜூலையில் முதல் கட்டத்தையும் 2021 ஜூலையில் இரண்டாம் கட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் கட்டத்தின்படி எண்ணெயில் மூழ்கிய 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மருக்கு நோ-லோடு உச்சவரம்பு 270 வாட், லோடு இழப்புக்கு 2350 வாட். இரண்டும் தனித்தனி எண்கள். அமெரிக்க விதி சதவீதத்தில் பேசினாலும், எண்ணெய் வகைக்கு 50 சதவீத லோடில், தாழ் மின்னழுத்த உலர் வகைக்கு 35 சதவீத லோடில் என்று லோடையும் சொல்லித்தான் பேசுகிறது. லோடைச் சொல்லாத சதவீதத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக விலை. வாங்கும் விலையோடு, ஒவ்வொரு வாட் நோ-லோடு இழப்புக்கும் ஒவ்வொரு வாட் லோடு இழப்புக்கும் அதன் ஆயுள் முழுவதும் நீங்கள் கட்டப்போகும் மின்கட்டணத்தைக் கூட்டி ஒப்பிடுங்கள். பெரிய மின்வாரியங்கள் டெண்டர்களை இப்படித்தான் மதிப்பிடுகின்றன. ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறவருக்கும் இந்தக் கணக்கு அரை மணி நேர வேலைதான்.

கேள்வி: நான் மின்பொறியியல் மாணவி. உள்ளே போகும் வாட், வெளியே வரும் வாட் இரண்டையும் அளந்து வகுத்தால் செயல்திறன் வந்துவிடுமே! பிறகு ஏன் ஓப்பன் சர்க்யூட், ஷார்ட் சர்க்யூட் என்று இரண்டு சோதனைகள்?

பதில்: நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இது தோன்றாது.

மீட்டருக்கும் பிழை உண்டு. 0.5 சதவீதத் துல்லியமுள்ள இரண்டு மீட்டர்களை வைக்கிறீர்கள். ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் காட்டினால் விடையில் ஒரு சதவீதம் பிசகும். டிரான்ஸ்ஃபார்மரின் மொத்த இழப்பே ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். நீங்கள் தேடும் பொருளும் உங்கள் பிழையும் ஒரே அளவு! இழப்பு இரண்டு மடங்காகவும் தெரியலாம், இல்லவே இல்லை என்றும் தெரியலாம். அதனால்தான் இழப்பை மட்டும் தனியே பிரித்து அளக்கிறோம். அப்போது மீட்டரின் அரை சதவீதப் பிழை, இழப்பில் அரை சதவீதமாக மட்டுமே நிற்கும்.

ஓப்பன் சர்க்யூட்டில், உயர் அழுத்தப் பக்கத்தைத் திறந்துவிட்டுத் தாழ் அழுத்தப் பக்கம் முழு வோல்ட்டேஜ் கொடுப்போம். வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றும்போது முதலில் ஒன்றுமே கேட்காது. மதிப்பிட்ட வோல்ட்டேஜை நெருங்கும்போது கோர் உறுமத் தொடங்கும். அதைத் தாண்டி ஒரு 10 சதவீதம் ஏற்றினால், ஆம்மீட்டர் முள் வோல்ட்மீட்டரைவிட வெகுவேகமாகப் பாயும். இரும்பு நிறைவை, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலையை நெருங்குகிறது என்பதை அந்த முள் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையில் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாகும் பங்கு, மிகத் தாழ்வாக இருக்கும். சாதாரண வாட்மீட்டர் போதாது, தாழ் பவர் ஃபேக்டருக்கென்று செய்தது வேண்டும்.

ஷார்ட் சர்க்யூட்டில், தாழ் அழுத்த முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் இறுக்கி இணைத்துவிட்டு, மறுபக்கம் சில சதவீத வோல்ட்டேஜ் மட்டும் கொடுத்து முழுக் கரண்டை ஓடவிடுவோம். அளவுகளைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். வைண்டிங் சூடாகிவிட்டால் தடை ஏறிவிடும். எண்ணெயின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, இழப்பை 75 டிகிரி போன்ற பொது வெப்பநிலைக்கு மாற்றி எழுதுவோம். அந்தச் செம்புப் பட்டையின் போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்றால் அந்த இணைப்பின் சூடும் டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கில் ஏறிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் உங்கள் விடை அதிகமாக வந்தால், முதலில் அந்த இணைப்பைத் தொட்டுப் பாருங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

கேள்வி: அமார்ஃபஸ் (படிகமில்லாத உலோகம்) கோர் போட்டால் இழப்பு 70 சதவீதம் குறையும் என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் எல்லாரும் ஏன் அதையே செய்வதில்லை?

பதில்: நோ-லோடு இழப்பைச் சொல்கிறார்கள் என்றால், வழக்கமான சிலிக்கான் எஃகோடு ஒப்பிடும்போது அது உண்மைதான். மொத்த இழப்பு 70 சதவீதம் குறையாது. இந்த இடத்தில்தான் விற்பனைப் பேச்சு வழுக்கும்.

கோரில் இரண்டு வகையில் ஆற்றல் வீணாகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரும்பின் காந்தத்தை நொடிக்கு ஐம்பது சுற்று புரட்டிப் போட வேண்டும். ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு விலை உண்டு, அது ஹிஸ்டெரிசிஸ். மாறும் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே சுழல் கரண்டை உண்டாக்குகிறது, அது எடி. எடி இழப்பு தகட்டின் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கோரை ஒரே கட்டியாக வார்க்காமல், மேல்பூச்சு கொடுத்த மெல்லிய தகடுகளாக அடுக்குவது இதற்காகத்தான்.

நூற்றாண்டுக்கும் மேலாக இந்த இரண்டையும் குறைக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்டின் சிலிக்கான் எஃகு வந்தது. இரும்பில் சுமார் மூன்று சதவீதம் சிலிக்கான் சேர்ந்தால் மின்தடை ஏறி எடி குறையும். அடுத்து நார்மன் காஸ், உருட்டியும் சூடேற்றியும் எஃகின் படிகங்களை ஒரே திசைக்குத் திருப்பும் முறையைக் கண்டு 1934இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் சிஆர்ஜிஓ (குளிர்நிலையில் உருட்டி, படிகங்களை ஒரே திசையில் அமைத்த எஃகு) என்று சொல்லும் தகட்டின் மூலம் அதுதான். இப்போது 0.23 மில்லிமீட்டர் தடிமன் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன் மேற்பரப்பில் லேசரால் கோடு கீறி இழப்பை இன்னும் குறைக்கிறார்கள்.

அமார்ஃபஸ் இந்த வரிசையில் வராத பொருள். 1960இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் போல் டுவெஸ் குழுவினர் தங்கமும் சிலிக்கானும் கலந்த உருக்கை அதிவேகமாகக் குளிரவைத்தார்கள். படிகமாகிற அவகாசமே கிடைக்காமல் அது கண்ணாடியைப்போல் உறைந்தது. பின்னாளில் இரும்பு, போரான், சிலிக்கான் கலவையில் அதைச் செய்தார்கள். வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் உருக்கை ஊற்றுவார்கள். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் அது குளிர்ந்து, சுமார் 0.025 மில்லிமீட்டர் தடிமனில் நாடாவாக வெளியே பறக்கும். படிகமே இல்லாததால் காந்தத்தைப் புரட்டத் தடை குறைவு. மெல்லியது, மின்தடையும் அதிகம் என்பதால் எடியும் குறைவு.

அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பளபளப்பாக, காற்றில் சரசரவென்று ஆடும். ஓரம் கத்தியைப்போல் விரலை வெட்டும். சூட்டில் பதப்படுத்திய பிறகோ, மடக்கினால் ஒடிந்து செதில் செதிலாகக் கொட்டும். சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. காந்தப்பாய அடர்த்தியை டெஸ்லா என்ற அலகில் சொல்வோம்; சிலிக்கான் எஃகு சுமார் 2.03 டெஸ்லாவில் நிறைவடையும், இதுவோ 1.56 டெஸ்லாவிலேயே நிறைந்துவிடும். ஆகவே அதே வேலைக்குப் பெரிய கோர் வேண்டும். கோர் பெரிதானால் அதைச் சுற்றும் கம்பியின் நீளமும் கூடும். லோடு இழப்பு ஏறாமல் இருக்கத் தடித்த கம்பி போட வேண்டும். எடை, எண்ணெய், தொட்டி எல்லாம் கூடும். உறுமலும் கொஞ்சம் அதிகம். செதில்கள் எண்ணெயில் விழாமல் காக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது வைண்டிங் தள்ளும் விசையைத் தாங்க கோரின் உதவியை எதிர்பார்க்கவே முடியாது. சட்டகம் தனியே பலமாக வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான நேரம் குறைந்த லோடில் கிடக்கும் இடங்களுக்கு அமார்ஃபஸை வாங்கத் தயங்கவே வேண்டாம். வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள், இரவெல்லாம் உற்பத்தியில்லாமல் இணைப்பில் மட்டும் இருக்கும் சூரிய மின்நிலையங்கள் எல்லாம் அந்த வகை. நாள் முழுக்க 70, 80 சதவீதத்தில் ஓடும் ஆலைக்கு, அதே பணத்தை வைண்டிங்கில் கூடுதல் செம்புக்குச் செலவழித்தால் பலன் அதிகம்.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் அருகில் மாட்டினால் 25 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு பெட்டியை விற்க வருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் மொத்தமாக வீணாக்குவதே ஒன்று அல்லது இரண்டு சதவீதம். அதை முழுக்க ஒழித்தாலும் 25 எங்கிருந்து வரும்?

கேள்வி: புதிது வாங்க இப்போது வழியில்லை. இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரிலேயே இழப்பைக் குறைக்க என்ன செய்யலாம்?

பதில்: நிறையச் செய்யலாம். பவர் ஃபேக்டரிலிருந்து தொடங்குங்கள். கெபாசிட்டரை மோட்டார்களின் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மரின் தாழ் அழுத்தப் பக்கத்தில் போட வேண்டும். 0.7 ஆக இருப்பதை 0.95 ஆக்கினால், அதே வேலைக்கு வைண்டிங்கில் ஓடும் கரண்டு சுமார் 26 சதவீதம் குறையும். லோடு இழப்பு ஏறத்தாழ 46 சதவீதம் குறையும். உயர் அழுத்தப் பக்கம் கெபாசிட்டர் போட்டால் மின்வாரிய மீட்டரில் பவர் ஃபேக்டர் நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதனால் ஒரு வாட்கூட மிச்சமில்லை.

அடுத்து மூன்று ஃபேஸ்களையும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளங்கள். 150, 90, 60 ஆம்பியர் என்று இருந்தால், மூன்றிலும் 100 இருப்பதைவிட ஃபேஸ்களின் லோடு இழப்பு 14 சதவீதம் அதிகம். நியூட்ரலிலும் 80 ஆம்பியர் அளவுக்கு வீணாக ஓடும். ஒற்றை ஃபேஸ் லோடுகளை இடம் மாற்றிப் போடுவதற்கு ஒரு பகல் வேலை போதும்.

வோல்ட்டேஜ் எப்போதும் மதிப்பிட்ட அளவுக்கு மேலேயே வருகிறதா? வைண்டிங்கின் சுற்று எண்ணிக்கையை மாற்ற உதவும் டேப்பை ஒரு படி மேல் வோல்ட்டேஜுக்கு மாற்றுங்கள். வோல்ட்டேஜ் ஏறினால் கோர் இழப்பு அதைவிட வேகமாக ஏறும். சாதாரண டேப் ஸ்விட்ச்சை, இரண்டு பக்கமும் மின்சாரத்தைத் துண்டித்து எர்த் செய்த பிறகே தொட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ், யுபிஎஸ், எல்இடி விளக்குகள் நிறைய இருந்தால் ஹார்மோனிக்ஸ், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் ஓடும் வேண்டாத கரண்டு பெருகும். வைண்டிங்கின் எடி இழப்பு அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், ஐந்தாம் ஹார்மோனிக் கரண்டு கொஞ்சமாக இருந்தாலும் 25 மடங்காக அடிக்கும். டிரைவ்களுக்கு ரியாக்டர் அல்லது ஃபில்டர் போடுங்கள். புதிதாக வாங்கும்போது அதற்கென வடிவமைத்த கே-ஃபேக்டர் வகையைக் கேளுங்கள்.

ரேடியேட்டரில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் கழுவிவிடுங்கள். செம்பு 75 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் தடை 8 சதவீதம் கூடும். இழப்பைவிடப் பெரிய கவலை இன்னொன்று: வைண்டிங்கின் காகித இன்சுலேஷன், மிகச் சூடான இடத்தில் 98 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரண்டு மடங்கு வேகமாக முதுமையடையும்.

கேள்வி: எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு 250 கேவிஏ இருக்கின்றன. விடுமுறை நாட்களில் ஒன்றை நிறுத்திவிடலாமா?

பதில்: முதல் பதிலில் சொன்ன 300, 2700 வாட் வகை என்றே வைத்துக்கொள்வோம். மொத்த லோடு சுமார் 118 கேவிஏவுக்குக் கீழே இருக்கும்வரை ஒன்றை மட்டும் ஓட்டுவது மிச்சம். அதற்கு மேலே போனால் இரண்டையும் ஓட்டுவதுதான் மிச்சம், ஏனென்றால் கரண்டைப் பகிரும்போது வைண்டிங் இழப்பு பாதியாகிறது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு, நோ-லோடு இழப்பின் இரண்டு மடங்கை லோடு இழப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். வருகிற விடை, ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும்.

தினம் இரண்டு முறை போட்டு எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போடும்போதும் பாயும் இன்ரஷ் கரண்டு வைண்டிங்கை உலுக்கும். நீண்ட விடுமுறைக்கு நிறுத்தலாம். ஈரமான பருவத்தில் பல வாரம் நிறுத்தி வைத்திருந்தால், திரும்பப் போடுமுன், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்து, இன்சுலேஷன் தடையையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: உறுமல் சத்தம் அதிகமானால் இழப்பும் அதிகம் என்று அர்த்தமா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. காந்தமாகும்போது எஃகு நுண்ணளவில் நீண்டு சுருங்குவதுதான் அந்தச் சத்தம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். அமார்ஃபஸில் இழப்பு குறைவு, சத்தம் அதிகம் என்று மேலே பார்த்தோமே. ஆனால் வழக்கமான சத்தம் திடீரென்று கூடினால் வோல்ட்டேஜை அளங்கள், கோர் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்பு செங்கல் கனத்தில் இருந்த அடாப்டர் இப்போது தீப்பெட்டி அளவில் வருகிறதே, எப்படி?

பதில்: அதிர்வெண்தான் காரணம். பழையது 50 ஹெர்ட்ஸில் வேலை செய்தது. புதியது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, குட்டி ஃபெரைட் கோருக்குக் கொடுக்கிறது. அதிர்வெண் ஏற ஏறக் கோரும் கம்பிச் சுற்றுகளும் குறையும். பழையது போனை மாட்டாதபோதும் கைக்குச் சூடாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 49 வாட் வரையிலான சாதாரணச் சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. பழைய இரும்பு அடாப்டர் வீட்டில் இருந்தால் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் செய்தால் போதுமா, புதிதுதான் வாங்க வேண்டுமா? எரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பழையதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ரீவைண்டிங்கில் கம்பியைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள், கோரை யாரும் பார்ப்பதில்லை. மேல் பக்கத் தகடுகளை உருவி, வைண்டிங்கை மாற்றி, மறுபடி அடுக்குகிறார்கள். சிஆர்ஜிஓ தகடு அடிபட்டால், மடங்கினால், அதன் காந்தக் குணம் கெடும். மூலையில் 45 டிகிரியில் வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் அங்கே காந்தப்பாயம் பக்கத்துத் தகட்டுக்குத் தாவி இழப்பைக் கூட்டும். சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குகிற பட்டறையில் கொடுக்காதீர்கள். கம்பியின் குறுக்களவு பழையதைவிடக் குறையக்கூடாது, செம்பு இருந்த இடத்தில் அலுமினியத்தை அதே அளவில் போடவும் கூடாது. வேலை முடிந்ததும் ஓப்பன் சர்க்யூட், ஷார்ட் சர்க்யூட் இரண்டு சோதனைகளையும் உங்கள் கண்முன் செய்து, வாட் எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்கள் பழைய சோதனைச் சான்றிதழிலிருந்து வெகுவாக ஏறியிருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டாம். தகடு சிஆர்ஜிஓவுக்கு முந்தைய வெந்நிலை உருட்டு எஃகு என்று தெரிந்தால், ரீவைண்டிங்குக்குச் செலவழிப்பதே நஷ்டம்.

ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவதற்கு நோ-லோடு இழப்பை அளந்து முடிவெடுங்கள். புதியதைவிட 600 வாட் அதிகமென்றால் ஆண்டுக்கு 5256 யூனிட். அந்தக் கட்டணத்தோடு புதியதன் விலையை ஒப்பிடுங்கள். இப்போது மாற்ற வேண்டாம் என்று கணக்கு சொன்னாலும், எந்த இழப்பு எண்களோடு அடுத்தது வாங்குவது என்பதை இன்றே எழுதி வையுங்கள். எரிந்துபோன அன்று உற்பத்தி நின்றிருக்கும், கையில் கிடைத்ததைத்தான் வாங்குவீர்கள்.

பழையதைக் கழித்துக்கட்டும்போது, காயலான் கடைக்கு அனுப்புமுன் எண்ணெயின் மாதிரியை எடுத்து பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) இருக்கிறதா என்று சோதிக்கக் கொடுங்கள். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் ஒழிக்கச் சொல்லும் நச்சு அது. இருப்பது உறுதியானால் அந்த எண்ணெயை யாருக்கும் விற்காதீர்கள், தரையில் ஊற்றாதீர்கள். அதைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் தொட்டியோடு ஒப்படையுங்கள்.